இரண்டாவது தொலைநோக்கி வாங்குவோர் கவனத்திற்கு



கேமரன் மலையில் தொழில் செய்யும் நம்மவர் சிலரின் வீடுகளில் சிறிய தொலைநோக்கி ஒன்று இருப்பதை நாம் அறிவோம். பள்ளி விடுமுறையில் பிள்ளை கேட்டான் என்று வாங்கியிருப்பார்கள். முதல் மாதம் சந்திரனில் உள்ள பள்ளங்களைக் கண்டு வீடே வியக்கும். இரண்டாம் மாதம் வியாழனின் பக்கத்தில் நான்கு சிறு பொட்டுகளைக் காண்பார்கள். மூன்றாம் மாதம் பையன் தகப்பனாரிடம் வந்து, “வாப்பா, இதைவிடப் பெரியது வேண்டும்” என்பான். அந்தத் தகப்பனார் நம்மிடம் வருவார். பலசரக்குக் கடைக்காரரிடம் போய் இதைக் கேட்பானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். இந்தச் சாமானை வாங்கி ஒருமுறை ஏமாந்தோம் என்கிற தகுதி நமக்கு உண்டு. அதை வைத்துக்கொண்டே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

முதலில் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். நாம் முதன்முதல் வாங்கிய குழலின் பெட்டியில் “525 மடங்கு” என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை நம்பியே காசை எண்ணிக் கொடுத்தோம். அந்த எண் எப்படி வந்தது என்பதைப் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். குழலின் முன்னால் இருக்கும் பெரிய வில்லை, ஒளியைக் கொண்டுபோய் ஒரு புள்ளியில் குவிக்கிறது. வில்லையிலிருந்து அந்தப் புள்ளி வரையுள்ள தூரத்தைக் குவியத்தூரம் என்பார்கள். நம் குழலுக்கு அது 700 மில்லிமீட்டர். கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு வில்லைக்கும் ஒரு குவியத்தூரம் உண்டு. இதைக் கடைக்காரர்கள் ஐபீஸ் என்பார்கள். பெரியதைச் சிறியதால் வகுத்தால் எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். நம்மிடம் இருந்த மிகச் சிறிய ஐபீஸ் 4 மில்லிமீட்டர். 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175. அதோடு மும்மடங்காக்கும் துணை வில்லை ஒன்றையும் பெட்டியில் போட்டிருந்தார்கள். 175-ஐ மூன்றால் பெருக்கினால் 525. கணக்கில் பொய் இல்லை. காட்சியில்தான் ஒன்றும் இல்லை. அந்தக் குழலின் முன்வில்லை 60 மில்லிமீட்டர் அகலமே உடையது. அத்தனை சிறிய வாயில் நுழைகிற கொஞ்ச ஒளியை 525 மடங்கு பரப்பினால், ஒரு படி பாலில் ஒரு குடம் தண்ணீரைச் சேர்த்த கதைதான். வெண்மை இருக்கும், பால் இராது.

அனுபவசாலிகள் வைத்திருக்கும் அளவு இதுதான்: முன்வில்லையின் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ, அதன் இரண்டு பங்குக்கு மேல் பெருக்கினால் பிரயோஜனமில்லை. 60-க்கு 120 மடங்கு. 102-க்கு ஏறக்குறைய 200. ஆகவே கடையில் நுழைந்ததும் “எத்தனை மடங்கு?” என்று கேட்காதீர்கள். “வாய் எத்தனை மில்லிமீட்டர்?” என்று கேளுங்கள். விற்பவர் அந்தக் கேள்வியிலேயே உங்களை அளந்துவிடுவார்.

நிற்க. நாம் இரண்டாவது குழல் வாங்கத் துணிந்ததற்குக் காரணம் பிள்ளைகளின் ஆசை மாத்திரமல்ல. ஒரு ஷஃபான் 29-ஆம் நாள் மாலை, நாலைந்து பேராகப் பழைய குழலைத் தூக்கிக்கொண்டு தேயிலை மேட்டுக்குப் போனோம். மக்ரிபுக்குப் பின் மேற்கே மேகம் சிறிது விலகிற்று. குழலில் கண் வைத்திருந்த பையன் “பிறை! பிறை!” என்று கூவினான். அடுத்து நாம் பார்த்தோம். மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரியத்தான் செய்தது. ஆனால் குழலின் கால்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்ததால் அந்தக் கோடும் பாம்புபோல நெளிந்தது. உடன் வந்த பெரியவர் ஒருவர் ஊருக்குச் செய்தி சொல்லக் கைப்பேசியை எடுத்துவிட்டார். அப்போது எங்களுடன் இருந்த ஆலிம்ஸா அவர்கள் அமைதியாக, “வல்லாஹி என்று சொல்ல முடியுமா?” என்று கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. சில நிமிடத்தில் அந்தக் கோடு தடித்து, பஞ்சு போலப் பரந்து, மேகத்தின் விளிம்பாக ஆகிவிட்டது. கணக்குப்படி அன்று சந்திரன் சூரியனுக்கு மிகவும் நெருக்கமாக, மலைக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது என்பதைப் பிறகு அறிந்தோம். ஆடுகிற குழலை நம்பிச் சாட்சி சொல்லியிருந்தால் எத்தனை வீடுகளில் தவறான நாளில் ஸஹருக்கு எழுந்திருப்பார்கள்! அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். மலேசியாவில் நோன்புப் பிறையையும் பெருநாள் பிறையையும் பார்ப்பதற்கு அதிகாரிகளும் குறிப்பிட்ட இடங்களும் உண்டு. தீர்மானத்தை மன்னர்களின் முத்திரைக் காப்பாளர் அறிவிக்கிறார். 2022 முதல் கைக்கொண்டுள்ள அளவின்படி, சூரியன் மறையும் வேளையில் பிறை அடிவானத்துக்கு மேலே 3 பாகையாவது இருக்கவேண்டும். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடைவெளி 6.4 பாகையாவது இருக்கவேண்டும். 3 பாகை என்பது கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரல் அகலம். தானா ராத்தா பள்ளத்தில் நின்றுகொண்டு மேற்கே பாருங்கள். மலைகளே அதைவிட உயரமாக நிற்கின்றன. எனவே முதல் நாள் பிறையைத் தேடுவோர் கடற்கரைகளையும், மலாக்காவின் தஞ்சோங் பிடாரா, போர்ட் டிக்சனின் தெலுக் கெமாங் போன்ற இடங்களிலுள்ள வானாய்வு நிலையங்களையும் நாடுகிறார்கள். பினாங்கில் பந்தாய் ஆச்சேயில் உள்ள நிலையம், 1869-இல் பிறந்து 1956-இல் மறைந்த ஷெய்கு தாஹிர் ஜலாலுத்தீன் அவர்களின் பெயரைத் தாங்கியிருக்கிறது. மக்காவிலும் அல்-அஸ்ஹரிலும் கற்று வந்து, இந்த நாட்டில் ஃபலக் கலையை வளர்த்த மேதை அவர். மலைமேல் உள்ள நமக்கு இந்தக் கருவி கண்ணைப் பழக்கிக்கொள்ளும் பள்ளிக்கூடம். மூன்றாம் நாள், நான்காம் நாள் பிறையை நிலையாகப் பார்த்துப் பழகியவனே முதல் நாள் பிறையையும் மேகத்தையும் வேறு பிரித்துச் சொல்வான்.

இனி எதை வாங்குவது என்று பார்ப்போம். எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய குழல்களில் மூன்று இனம் உண்டு. முன்னால் வில்லை வைத்த குழல் ஒன்று. அடியில் குழிந்த கண்ணாடி வைத்த குழல் மற்றொன்று. வில்லையும் கண்ணாடியும் சேர்ந்து, தடித்துக் குட்டையாக இருப்பது மூன்றாவது. இதை மாக்சுதோவ் என்று அதைச் செய்தவரின் பெயரால் அழைக்கிறார்கள்.

கண்ணாடிக் குழல் விலைக்கு மலிவு. 130 மில்லிமீட்டர் வாயுடைய மேசைக் குழல் ஒன்றை வாங்கும் காசில், வில்லைக் குழல் அத்தனை பெரிதாகக் கிடைக்காது. சமவெளியில் வீட்டு முற்றத்திலேயே பார்ப்பவருக்கு நாமே அதைச் சிபாரிசு செய்வோம். ஆனால் அதனுள் இரண்டு கண்ணாடிகள் ஒன்றையொன்று நேராகப் பார்த்து நிற்கவேண்டும். எஸ்டேட் சாலையில் வேனில் வைத்துக் குலுக்கினால் அவை விலகிவிடும். திருகாணிகளைத் திருகித் திருத்தவேண்டும். திருத்தத் தெரிந்தவருக்கு அது ஐந்து நிமிட வேலை. தெரியாதவர் குழல் கெட்டுவிட்டதென்று பரணில் போட்டுவிடுவார். மேலும், மேசைக் குழலுக்கு மேசை வேண்டுமே! தேயிலைச் சரிவில் மேசைக்கு எங்கே போவது?

மாக்சுதோவ் இனம் சந்திரனுக்கும் கிரகங்களுக்கும் வெகு பொருத்தம். 127 மில்லிமீட்டர் வாயுள்ளதன் குவியத்தூரம் 1,500 மில்லிமீட்டர். ஒளி உள்ளே மடங்கி மடங்கிப் போவதால் குழல் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். எடை நான்கு கிலோவுக்குள். வாங்கும்போது நமக்கும் இதன்மேல் ஆசை விழுந்தது. இருவிதக் குறைகள் நம்மைத் தடுத்தன. ஒன்று, அது வெளிக்குளிருக்குப் பழக முக்கால் மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம் ஆகிறது. அதுவரை உள்ளே காற்று கொதிப்பதுபோல் காட்சி அலைபாயும். நம் மலையின் வானமோ, மழைக்கும் மூடுபனிக்கும் நடுவே ஒரு மணி நேரம் திறந்தால் பெரிய காரியம். குழல் பழகி முடிக்கும் வேளையில் வானம் கதவடைத்துவிடும். இரண்டாவது, அது காட்டும் பரப்பு குறுகியது. 25 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டாலும் 60 மடங்கு. ஒரு பாகைகூடத் தெரியாது. மங்கிய மேற்கு வானத்தில் மெல்லிய பிறையைத் தேடுவோருக்கு அது சாவித்துவாரம் வழியாகத் தெருவைப் பார்ப்பது போன்றது.

ஆகவே நாம் குட்டையான வில்லைக் குழல் ஒன்றைத் தேர்ந்தோம். 102 மில்லிமீட்டர் வாய், 500 மில்லிமீட்டர் குவியத்தூரம். குழலின் எடை மூன்று கிலோவை ஒட்டியது. கால் மணி நேரத்தில் குளிருக்குப் பழகிவிடுகிறது. பழைய 60 மில்லிமீட்டர் குழலோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்று மடங்கு ஒளியை வாங்குகிறது. ஏனென்றால் வாயின் அகலத்தை வர்க்கப்படுத்தித்தான் ஒளியை அளக்கவேண்டும். நுட்பம் பிரித்துக் காட்டுவதிலும் வித்தியாசம் உண்டு. சந்திரன் 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்க, 60 மில்லிமீட்டர் வாய் அதில் மூன்றரைக் கிலோமீட்டர் அகலமுள்ளதைப் பிரித்துக் காட்டினால், 102 மில்லிமீட்டர் வாய் இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ளதைக் காட்டும். இது கணக்கு, காற்று நிலையாக நிற்கும் இரவில்தான் கணக்கு பலிக்கும்.

இந்த இனத்துக்கும் குறை உண்டு; சரக்கின் குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் ஆகாது. குட்டையான வில்லைக் குழலில் பிரகாசமான பொருளைப் பார்த்தால் விளிம்பில் ஊதா நிறம் படியும். பௌர்ணமிச் சந்திரனிலும் வியாழனிலும் இது நன்றாகத் தெரியும். இளம்பிறைக்கும் நட்சத்திரக் கூட்டங்களுக்கும் தொந்தரவில்லை. வெளிர்மஞ்சள் வடிகண்ணாடி ஒன்றைப் போட்டால் பெருமளவு அடங்கும். நிறமே படியாத உயர்தர வில்லை வேண்டுமானால் இ.டி. என்ற எழுத்துள்ள 80 மில்லிமீட்டர் குழல்கள் உண்டு. பார்க்க அருமை, விலை நம் போன்றவர்களை யோசிக்கவைக்கும்.

தாங்கியைப் பற்றிப் பலரும் கவலைப்படுவதில்லை. குழலுக்கு ஆயிரம் வெள்ளி கொடுப்பவர் கால்களுக்கு நூறு வெள்ளி கொடுக்கத் தயங்குகிறார். தராசு வைத்து வியாபாரம் செய்யும் நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. எத்தனை நயமான தராசானாலும் அதை ஆடுகிற பலகைமேல் வைத்து நிறுத்தால் அந்த எடை செல்லுமா? 50 மடங்கு பெருக்கும் குழலில் ஒரு நூல் அசைவும் 50 மடங்காகத் தெரியும். கடையிலேயே சோதித்துவிடுங்கள். தூரத்து விளம்பரப் பலகை ஒன்றைக் குழலில் பிடித்து, குழலின் பின்புறத்தை விரலால் மெல்லத் தட்டி, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணுங்கள். மூன்றுக்குள் எழுத்து நின்றுவிட்டால் தாங்கி நல்லது. ஐந்தைத் தாண்டினால் அது வேண்டாம். மேட்டில் வைக்கும்போது கால்களை முழுக்க நீட்டாமல், முக்காலி அல்லது பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்து பார்க்கும் உயரத்தில் வைத்தால் ஆட்டம் பாதியாகும். நடுவில் ஒரு பையில் இரண்டு கிலோ அரிசியைக் கட்டித் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. இதற்கென்றே விற்கும் பாரத்தை வாங்கவேண்டாம். அரிசி நம் கடையிலேயே இருக்கிறது.

தாங்கியின் தலையிலும் இரண்டு விதம் உண்டு. மேலே கீழே, இடம் வலம் என்று திரும்புவது ஒன்று; அதை ஆல்ட்-அஸிமத் என்கிறார்கள். மதரஸாவில் ஓதியவர்கள் புன்னகைப்பார்கள்: அஸிமத் என்பது திசைகளைக் குறிக்கும் “அஸ்ஸுமூத்” என்ற அரபுச் சொல்லின் திரிபுதான். மற்றொரு வகை, பூமியின் அச்சுக்கு ஒப்பச் சாய்த்துவைத்து நட்சத்திரத்தைத் தொடர்ந்து ஓடுவது. அதற்கு எதிர்ப்பாரமும் திருகுகளும் உண்டு. பார்ப்பதற்கு ஜோராக இருக்கும், விற்பவரும் அதையே புகழ்வார். கேமரன் மலையில் அதை வாங்கவேண்டாம் என்பது நமது திடமான அபிப்பிராயம். அதைச் சரியாக வைக்கத் துருவ நட்சத்திரத்தைக் குறிபார்க்க வேண்டும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே நாலரைப் பாகையில். ஆகவே துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து நாலரைப் பாகை உயரத்தில்தான் நிற்கும்; அதற்கு முன்னால் மலை நிற்கும். அதோடு, அந்தத் தாங்கிகளில் பல இத்தனை தாழ்வாகச் சாயவே மாட்டா. சாய்த்தாலும் எதிர்ப்பாரம் காலில் இடிக்கும். வட நாடுகளுக்கு ஏற்ற சாமானை இங்கே இறக்கினால் அதன் தவறன்று, வாங்கியவர் தவறு.

இனி உபரிச் சாமான்கள். ஐபீஸ் மூன்று போதும் என்பது நம் கணக்கு. நமது 500 மில்லிமீட்டர் குழலில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் 20 மடங்கு காட்டும். அதில் வானத்தின் இரண்டரைப் பாகை தெரியும். ஐந்து சந்திரன்களை வரிசையாக வைக்கலாம். பிறை தேட இதைவிடப் பொருத்தம் இல்லை. 10 மில்லிமீட்டர் போட்டால் 50 மடங்கு. மூன்றாவதாகப் பார்லோ என்ற இரட்டிப்பு வில்லையை வாங்கினால் அந்த 10 மில்லிமீட்டரே 100 மடங்காகும். சந்திரன் முழுதும் வட்டத்துக்குள் சரியாக அடங்கி நிற்கும். சனிக்கோளின் வளையத்துக்கு இது போதும். 2025 மார்ச்சில் அந்த வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பிக் கோடாக மறைந்தது. அதற்குப் பின் ஆண்டுதோறும் விரிந்து வருகிறது, காணத் தவறவேண்டாம். பழைய குழலின் ஐபீஸ்கள் ஒன்றேகால் அங்குலக் குழாய் உடையவையா என்று பாருங்கள். அப்படியானால் புதியதிலும் பொருந்தும். ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் குறைந்த மெல்லிய குழாயாக இருந்தால் அவற்றை மறந்துவிடுங்கள்.

நாற்பதைக் கடந்து மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டுக்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குழலின் திருகைத் திருப்பினாலே தெளிவு வந்துவிடும். டாக்டர் சிலிண்டர் எழுதியிருக்கிறார் என்றால் கண்ணாடியோடுதான் பார்க்கவேண்டும். அப்போது கண்ணைச் சற்றுத் தள்ளிவைத்தும் பார்க்கக்கூடிய ஐபீஸாகக் கேட்டு வாங்குங்கள்.

குறிபார்க்கச் சிவப்புப் புள்ளிக் கருவி போதும். கண்ணை வளைக்கும் கண்ணாடி முட்டு ஒன்று குழலோடு வரும். அது நேராகக் காட்டினாலும் இடத்தை வலமாக்கும். சூரியன் மறைந்த இடத்துக்குப் பிறை இடப்பக்கமா வலப்பக்கமா என்று சொல்லவேண்டிய நேரத்தில் இதை நினைவில் வைக்கவேண்டும். கைப்பேசியை ஐபீஸில் பொருத்தும் பிடி மலிவுதான். பிள்ளைகள் படம் எடுக்கட்டும்.

சூரியனைப் பற்றி எச்சரிக்காமல் விட்டால் நாம் குற்றவாளியாவோம். பிறை தேடும் அவசரத்தில், சூரியன் முழுதும் மறையுமுன் குழலை மேற்கே திருப்பி அலசக்கூடாது. கணப்பொழுதில் பார்வை போகும். அப்போது வலிகூடத் தெரியாது. ஐபீஸில் திருகி மாட்டும் சூரிய வடிகண்ணாடி பழைய பெட்டிகளில் உண்டு. அது சூட்டில் வெடிக்கும். உடைத்துக் குப்பையில் போடுங்கள், யாருக்கும் இனாமாகக்கூடக் கொடுக்காதீர்கள். சூரியனைப் பார்க்கவே வேண்டுமென்றால், குழலின் முன்வாயை முழுதும் மூடும் சூரியத் திரை தனியாக விற்கிறது.

இப்போது நம் மலைக்கே உரிய சத்துருவுக்கு வருவோம்: ஈரம். நம் முதல் குழல் ஆடியது ஒரு குறை. அதைக் கொன்றது பூஞ்சைக்காளான். மழைக்காலத்தில் ஆறு மாதம் பெட்டியில் மூடிவைத்துவிட்டு எடுத்தபோது, முன்வில்லையின் உட்புறத்தில் சிலந்தி வலைபோல் நூல் நூலாகப் படர்ந்திருந்தது. துடைத்தோம், போகவில்லை. அது கண்ணாடியின் பூச்சையே தின்றுவிட்டது. காற்றில் ஈரம் நூற்றுக்கு எழுபதைத் தாண்டி நீடிக்கும் இடத்தில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தானா ராத்தாவில் எந்த நாளில் அது எழுபதுக்குக் கீழே இருக்கிறது? நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் வைத்தால் வில்லை பிழைக்கும். மின்சார உலர்பெட்டி வாங்க வசதியுள்ளவர் வாங்கட்டும். நாம் செய்வது, ரப்பர் விளிம்பு வைத்துக் காற்றுப் புகாமல் மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டிப் போட்டு, பக்கத்தில் ஈரமானி ஒன்றை வைப்பதுதான். மணிகள் நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி உலர்ந்துவிடும். அந்த வாணலியில் பிறகு சமைக்கக்கூடாது. வீட்டம்மாவிடம் கேட்காமல் அவர்கள் வாணலியை எடுப்பதும் நல்லதன்று.

பார்க்கும் வேளையிலும் பனி வில்லையில் படியும். இதற்குக் குழலின் வாய்க்கு முன்னால் நீளமாக ஓர் உறை வேண்டும். உடற்பயிற்சிக்கு விரிக்கும் கறுப்பு ரப்பர் பாயில் ஒரு துண்டை வெட்டிச் சுருட்டி, வாயின் அகலத்தைப்போல் ஒன்றரைப் பங்கு நீட்டி மாட்டினால் தீர்ந்தது. பனி படிந்துவிட்டால் கைலியாலோ கைக்குட்டையாலோ துடைக்காதீர்கள். தூசி கோடு கிழிக்கும். விசிறிக்கொண்டு காத்திருங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே டப்பாவில் அடைக்காமல் ஓரிரவு உலரவிட்டு அடையுங்கள். ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்குவோர் இன்னொன்றையும் செய்யவேண்டும். மலைக்குளிரில் இருந்த குழலைக் கீழே புழுக்கத்தில் சட்டென்று திறந்தால், ஐஸ் போட்ட தண்ணீர்க் கோப்பைபோல் உள்ளும் புறமும் வியர்த்துவிடும். இரண்டு மணி நேரம் பையிலேயே இருக்கட்டும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். பிரிஞ்சாங் நகரத்தின் விளக்குகளும், சாமந்திக்காக இரவிலும் விளக்கெரியும் பூப்பண்ணைகளும் வானத்தை வெளுக்கச் செய்கின்றன. தேயிலைச் சரிவுகள் இன்னமும் இருட்டாக இருக்கின்றன. 1929-இல் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் தொடங்கிய போ தோட்டத்துப் பக்கமும், சுங்கை பாலாஸ் பக்கமும் போனால் வித்தியாசம் தெரியும். தோட்ட நிர்வாகத்திடம் சொல்லி அனுமதி பெறாமல் நுழையவேண்டாம்; இருட்டில் குழலைத் தோளில் வைத்துப் போகிறவரைப் பார்த்தால் ஜாகா என்ன நினைப்பார்? தார்ச்சாலையிலும் சிமெண்டுத் தளத்திலும் வைக்காதீர்கள். பகலில் உண்ட வெயிலை அவை இரவில் கக்கும், காட்சி நடுங்கும். புல்தரை உத்தமம், அட்டைக்கு உப்பு எடுத்துப்போனால். ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் மழை குறைவு.

அப்படி ஒரு பிப்ரவரி இரவில் தெற்கே பாருங்கள். நம்மவர் அகத்திய மீன் என்றும் அரபியர் ஸுஹைல் என்றும் அழைத்த நட்சத்திரம், கண்ணுக்கு நேரே சுமார் 33 பாகை உயரத்தில் எரியும். தலைக்கு மேற்கே கார்த்திகை மீன்கள், அவையே ஸுரையா. 20 மடங்கில் அந்தக் கூட்டம் முழுதும் ஒரே வட்டத்தில், நீல மணிகளைக் கொட்டியதுபோல் தெரியும். வளர்பிறை எட்டு, ஒன்பதாம் இரவுகளில் 100 மடங்கு போட்டுச் சந்திரனின் நடுக்கோட்டை அலசினால் 130 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பெரும்பள்ளம் தென்படும். அதற்கு வைத்திருக்கும் பெயர் அல்பதேக்னியுஸ். ரக்காவில் இருந்து வானத்தை அளந்து 929-இல் மறைந்த அல்-பத்தானியின் பெயர்தான் அது. சற்றுத் தெற்கே அர்ஸாகெல்: 11-ஆம் நூற்றாண்டில் அந்தலூஸின் தொலேதோவில் வாழ்ந்த அஸ்-ஸர்காலி. இன்னும் கிழக்கே ஹமா நகரத்தை ஆண்ட அபுல் ஃபிதா. தொலைநோக்கி 1608-இல் ஹாலந்தில் வெளிப்பட்டது. இவர்கள் யாரும் அதைக் கண்டவர்கள் அல்லர். வெறுங்கண்ணும் பித்தளைக் கருவியும் வைத்து அளந்தார்கள். நம் வீட்டுப் பையன் அர்ஸாகெலைக் கண்டுபிடித்த இரவில், பள்ளிவாசல் மின்விளக்கைக் கண்டதுபோல் சத்தம் போட்டான். நாம் அவனை அதட்டவில்லை.

கடைசியாக விலை. கையிலுள்ள பணத்தைப் பத்துப் பங்காக வைத்தால், குழலுக்கு ஐந்து, தாங்கிக்கு மூன்று, ஐபீஸுக்கும் ஈரக் காப்புக்கும் இரண்டு என்று ஒதுக்குங்கள். குழலுக்கே ஒன்பதைக் கொடுத்துவிட்டு வந்தவர்களை நாம் அறிவோம். இணையத்தில் வாங்குகிறவர் திருப்பி அனுப்பும் தவணையை முதலில் வாசிக்கவேண்டும். கைமாறிய பழைய குழலும் நல்ல சரக்காக இருக்கலாம். மிளகை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பதுபோல அதையும் சோதிக்க வழி உண்டு: ஐபீஸைக் கழற்றிவிட்டுப் பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்வில்லையைச் சாய்வாகப் பாருங்கள். இரண்டொரு தூசியும் கீறலும் இருந்தால் போகட்டும், விலையைக் குறைக்க அது உதவும். நூல் நூலாக ஏதும் தெரிந்தால் சலாம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அந்த நூல் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காக நம் பழைய 60 மில்லிமீட்டர் குழலை இன்னும் எறியாமல் கடையிலேயே வைத்திருக்கிறோம். அஸருக்குப் பின் எந்த நாளிலும் வந்து பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் சற்றுத் தாமதமாகும்.